இறங்காத ஸ்டெப்னி

அத்தியாயம் பதினான்கு

பழகிய வாசகர்கள் ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி.

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் இரண்டாவது மாடி ஃபிளாட், சடகோபனுடையது. பாய்லர் தொழிற்சாலையில் வெல்டிங் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி கோமளவல்லி. ஒரே மகன் ஸ்ரீநாத், ஓசூரில் வேலை. இரண்டு வாரத்துக்கொரு தரம் வந்து போவான். அவன் விரும்பிக் கட்டிக்கொண்ட நிஷா பொன்மலை ரயில்வே குடும்பத்துப் பெண். திருச்சியிலேயே கல்லூரி வேலை என்பதால் மாமனார் மாமியாரோடு இருக்கிறாள்.

மாசி மாதத்தில் திருவெள்ளறைப் பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பும் வழியில் பழைய பஜேரோ இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போய் வாய்க்கால் மதகில் மோதியது. ஓட்டியவள் நிஷா. பக்கத்தில் இருந்தவள் கோமளவல்லி. நிஷாவுக்கு ஒரு கீறல் இல்லை. கோமளவல்லிக்கு இடுப்பெலும்பு போயிற்று. விடிகாலையில் விசுவரூப தரிசனத்துக்கு நடந்தே போய் வந்தவள், இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடக்கிறாள்.

"ஸ்டியரிங் தானா இழுத்துச்சு" என்று நிஷா அன்றைக்கே சொன்னாள். யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆமென்றும் சொல்லவில்லை. மோதியதில் முன்சக்கரம் உடைந்திருந்தது. மோதினால் உடையத்தானே செய்யும் என்று எல்லாரும் பார்த்த மட்டில் விட்டுவிட்டார்கள். வாசல் ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியைச் சடகோபன் எடுத்துப் பெருமாள் அலமாரியில் வைத்தார். நாள் போகப் போக நிஷாவுக்கே தான் சொன்னதில் நம்பிக்கை போய்விட்டது. கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. போகிறாள், வருகிறாள், விடைத்தாள் திருத்துகிறாள்.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருவோம்.

சடகோபன் பேப்பரை மடித்தார். ஓரத்தோடு ஓரம் பொருந்தும்படி மடித்தால்தான் அவருக்குத் திருப்தி.

"நிஷா, இன்னிக்கு உனக்கு லீவுதானே?"

"ஆமாங்க மாமா."

"அரியமங்கலம் போறேன். சக்கரம் பொறுக்கணும். நீயும் வா."

அடுக்களையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்த கோமளவல்லியின் கத்தி நின்றது.

"அவ எதுக்கு அங்கே? கிரீஸும் புழுதியுமா இருக்கும். ஆத்துல இருக்கட்டும்."

"வரட்டும். கூட ரெண்டு கண்ணு இருந்தா நல்லது."

"பழசைப் போட்டு நோண்டிண்டே இருக்கேள். அம்பி சொல்றாப்பல புதுசு வாங்கிப் போட்டுட்டுப் போகலாமோல்லியோ?"

அம்பி என்றால் ஸ்ரீநாத். சொல்லி வைத்தாற்போல அவனே போனில் வந்தான். சடகோபனுக்குக் காது கொஞ்சம் மந்தம்; ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"அப்பா, ஆன்லைன்ல ஒரு செட் பாத்து வெச்சிருக்கேன். கறுப்பு அலாய் வீல். வண்டி கெத்தா நிக்கும்."

"பெருமாள் சேவிக்கப் போற வண்டிக்குக் கெத்து எதுக்குடா?"

"சரி, கெத்து வேண்டாம். பழசை எடைக்காவது போடுங்கோ. அந்த உடைஞ்ச சக்கரம் இன்னும் அங்கயே ஏன் கிடக்கு?"

"அதோட உள்பக்கத்து நம்பர் எனக்கு வேணும். அதே நம்பர்ல இன்னொண்ணு தேடணும். கம்பெனிலேர்ந்து எப்படி இறங்கித்தோ அப்படியே நிக்கணும் வண்டி."

"மத்த மூணுலயும் அதே நம்பர்தானேப்பா இருக்கும்?"

"இருக்கும்னு நீ சொல்றே. பாத்தாத்தான் எனக்கு இருக்கு."

ஸ்ரீநாத் பெருமூச்சு விட்டு வைத்துவிட்டான். நிஷாவிடம் கொடுங்கள் என்று அவன் கேட்கவில்லை. நிஷாவும் கையை நீட்டவில்லை. அவள் காபியைக் குடித்து முடித்திருந்தாள். சூடாக இருந்ததா, ஆறிப்போயிருந்ததா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

திருவானைக்கா வழியாக பைபாஸ் ஏறி, பாலத்தைத் தாண்டியது ஆட்டோ. காவிரி கரை தொட்டு ஓடியது. நிஷா பார்த்தாள். தண்ணீர் ஓடுகிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

பரக்கத் அலியின் ஒர்க்‌ஷாப், சஞ்சீவி நகர் தாண்டி, குப்பைக் கிடங்கின் வாடை காற்றடித்தால் வந்து எட்டிப்பார்க்கும் தூரத்தில் இருந்தது. தகரக் கொட்டகை. நடுவில் பஜேரோ சக்கரங்கள் இல்லாமல் முட்டுக்கட்டைகளின் மேல் நின்றது. நசுங்கிய முகத்தை நிமிர்த்திச் சந்தனக் கலர் அடித்தாகிவிட்டது.

"வாங்க சார். வாங்கம்மா. உங்க வண்டிதான் இன்னிக்கு மாப்பிள்ளை, உக்காருங்க" என்றார் பரக்கத் அலி. வாய் ஓயாத மனிதர். பேசிக்கொண்டே வேலை செய்வார்; வேலை நின்றாலும் பேச்சு நிற்காது.

வண்டியின் பின்கதவில் ஸ்டெப்னி மட்டும் தொங்கியது. அந்தக் கொட்டகையிலேயே புதுசாக இருந்த பொருள் அதுதான்.

அதற்கொரு கதை உண்டு. அஹோபிலத்தில் நவ நரசிம்மரைச் சேவிக்கப் போன இடத்தில், வாடகை ஜீப் பாதி மலையில் படுத்துக்கொண்டது. ஊருக்குத் திரும்பிய கையோடு சடகோபன் இந்த பஜேரோவை வாங்கினார். முதல் பூஜையன்று, பின்னால் தொங்கிய ஸ்டெப்னியின் நடுவில் வெள்ளையும் சிவப்புமாகத் திருமண் வரையச் சொன்னார். வரைந்தவர் கைதேர்ந்தவர், சக்கரத்தின் ஆரக்கால்களின் மேல் ஏறி நின்றது திருமண். அன்றோடு அந்தச் சக்கரம் சக்கரமாக இல்லாமல் போயிற்று. பெருமாளுடைய திருமண் தரையில் உருளலாமா? கூடாது. எனவே ஸ்டெப்னி இறங்கியதே இல்லை.

வண்டி பஞ்சரானால், பஞ்சரான சக்கரத்தையே கழற்றி, கையைக் காட்டி நிறுத்தும் ஏதாவதொரு வண்டியில் ஏற்றி, கடை தேடிப்போய் ஒட்டிக்கொண்டு வரவேண்டும். ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில், பட்டுப் புடவையோடு நிஷாவும் கோமளவல்லியும் சமயபுரத்துக்கு இந்தப் பக்கம் மைல் கல்லில் உட்கார்ந்து முகூர்த்தத்தைக் கோட்டை விட்டார்கள். "ஸ்டெப்னி இருந்தும் நடுரோட்டுல உக்காந்த குடும்பம் தமிழ்நாட்டுலயே நம்ம குடும்பம்தான்" என்று ஸ்ரீநாத் அப்பா காதில் விழாமல் சொல்லுவான். அப்போதெல்லாம் நிஷா சிரிப்பாள்.

"சார், நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார் பரக்கத் அலி. "பின்னாடி தொங்குது பாருங்க, ஷோரூம் பீஸு. ரோட்டையே பாத்ததில்ல. அதை இறக்கி முன்னாடி போட்டா வேலை முடிஞ்சுது. நீங்க என்னமோ ஊரெல்லாம் ஜோடி தேடுறீங்க."

"அதைத் தொடாதேயும்."

"தொடல சார். மேல துணி கட்டிக்கூட..."

"துணி கட்டினா உள்ளே இருக்கறது உருளாதோ?"

பரக்கத் அலி இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "உங்க நம்பிக்கை சார். எங்க அத்தா லாரில பின்னாடி எழுதி வச்சிருந்ததை இன்னிக்கு வரைக்கும் நான் பெயிண்டு அடிச்சு மறைச்சதில்ல. எனக்குப் புரியும்."

சாக்கை விரித்து, கழற்றி விற்ற வண்டிகளிலிருந்து வந்த பழைய அலாய்களைப் பரப்பினார். பார்க்க எல்லாம் ஒரே சாடைதான்: ஆறு ஆரக்கால், ஆறு போல்ட் துளை. சடகோபன் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு, அளவெடுக்கும் வெர்னியரும் இரும்பு ஸ்கேலுமாகக் கீழே உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். உள்பக்கம் வார்ப்பிலேயே எழும்பியிருக்க வேண்டிய நம்பரைத் தேடினார்.

"இது டூப்ளிகேட். நம்பரே இல்லை."

"ஆமா சார். அது சும்மா அழகுக்கு வச்சேன்."

"இது ஓரம் வளைஞ்சிருக்கு. சுத்த விட்டா ஆடும்."

"அடிச்சு நிமித்திடலாம் சார்."

"அடிச்சு நிமித்தினது வேண்டாம்."

கழித்துக் கழித்துக் கடைசியில் இரண்டு மிஞ்சின. இரண்டும் கம்பெனி வார்ப்பு, இரண்டிலும் அளவு சரி. சடகோபன் ஒன்றை மாற்றி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிஷா குனிந்து, கிடந்த ஸ்பானரை எடுத்தாள். சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தூக்கிப்பிடித்து ஓரத்தில் தட்டினாள். ஒன்று கணீரென்று ஒலித்தது. மற்றது ‘டொக்’ என்று நின்றது. அவளுடைய அப்பா ரயில் பெட்டிகளின் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே பிளாட்பாரத்தின் நீளத்துக்கும் போனவர். சின்ன வயசிலிருந்து கேட்ட சத்தம். கை தானாகச் செய்தது.

"இதுங்க மாமா. அதுல சத்தம் செத்துப் போயிருக்கு. எங்கயோ விரிசல் இருக்கும்."

சடகோபன் நிமிர்ந்து பார்த்தார். "நல்லது" என்றார். அந்த வீட்டில் மாசிக்கப்புறம் அவளைப் பார்த்து அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அவளுக்கு அது எங்கேயும் போய்ப் படவில்லை.

பரக்கத் அலி கலர் அட்டையை நீட்டினார். "பழைய பெயிண்டை உரிச்சு, பவுடர் தூவி, அடுப்புல வச்சு எடுத்துருவோம். வெள்ளியா, கன்மெட்டலா, கறுப்பா? அம்மா சொல்லட்டும், ஓட்டப் போறது..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எதுன்னாலும் சரிங்க" என்றாள் நிஷா.

"கம்பெனி என்ன குடுத்ததோ அது. வெள்ளி" என்றார் சடகோபன்.

அவர் வெளியில் எங்கேயும் சாப்பிட மாட்டார். கோமளவல்லி கட்டிக்கொடுத்த தயிர்சாத டப்பாவை எடுத்துக்கொண்டு வாசல் புங்கமரத்தடிக்குப் போனார். "நீயும் ரெண்டு வாய் சாப்பிடறியா?" என்று கேட்டதற்கு, பசிக்கவில்லை என்று நிஷா தலையாட்டினாள்.

அப்போதுதான் பெயிண்டர் சின்னையா, பெயிண்டை உரிக்கும் ரிமூவர் தொட்டியில் ஊறப்போட்டிருந்த உடைந்த சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு டிரம்மின் மேல் வைத்தார்.

"சாமி கேட்ட நம்பரு தெரியுதான்னு பாருங்கம்மா. மத்த மூணுலயும் பெயிண்டு லேசுல விட்டுருச்சு. இதுல மட்டும் உள்பக்கம் கறுப்புப் பெயிண்டு தாரு மாதிரி அப்பிக் கிடந்துச்சு. மறுபடி மறுபடி முக்கி எடுத்தேன்."

நிஷா பார்த்தாள். பெயிண்ட் போய், சாம்பல் நிற உலோகம் மொட்டையாக இருந்தது. நம்பர் தெரிந்தது. நம்பருக்குப் பக்கத்தில், உள்வளையத்தின் குறுக்கே, ஒரு தடித்த கோடு. கம்பளிப்புழு படுத்துக் கிடப்பது போல வரிவரியாக. அந்தக் கோட்டோடு கோடாகத்தான் சக்கரம் பிளந்திருந்தது.

விரலை வைத்துத் தடவினாள். மேடாக இருந்தது.

"பாய், இது என்ன?"

பரக்கத் அலி வந்து குனிந்தார். பேச்சு நின்றது. அவர் பேசாமல் நின்றதை நிஷா அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

"வெல்டும்மா. எவனோ ஒட்டியிருக்கான். அலாய்ல இந்த இடத்துல ஒட்டக் கூடாது. நான் ஒட்ட மாட்டேன்."

"மோதினப்புறம் ஒட்டினதா?"

"மோதினப்புறம் யாரு ஒட்டுவா? போலீஸ் ஸ்டேஷன்ல நின்னுது, அங்கேருந்து நேரா இங்க வந்துது. மேல பெயிண்டு வேற அடிச்சிருந்துதே. மோதுறதுக்கு ரொம்ப முன்னாடியே ஒட்டினது."

"அப்ப, இது விட்டதாலதான் வண்டி இழுத்துச்சா?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு சக்கரத்தைப் பார்த்தார். "ஒட்டு விட்டிருக்கு, அது தெரியுது. முதல்ல விட்டுதா, மோதி விட்டுதாங்கிறதை அல்லாதான் சொல்லணும். ஆனா... நீங்க அன்னிக்கு என்ன பாத்தீங்க?"

அன்றைக்கு அவள் ஒன்றும் பார்க்கவில்லை. கேட்டாள். இடது பக்கத்திலிருந்து ஒரு ‘டொக்’. அதற்கப்புறம்தான் ஸ்டியரிங் கையை மீறியது. அதற்கும் அப்புறம்தான் மதகு. இத்தனை மாதமாக அந்தச் சத்தத்தை அவள் மோதிய சத்தத்தோடு சேர்த்து வைத்திருந்தாள். இப்போது அது தனியாகக் கழன்று முன்னால் வந்து நின்றது.

சந்தோஷப்பட வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. காத்துப்பார்த்தாள். வரவில்லை. கொட்டகைக்குப் பின்னால் போய் ஸ்ரீநாத்துக்குப் போன் போட்டாள்.

"சொல்லு. அப்பா பொறுக்கிட்டாரா?" பின்னால் மெஷின் சத்தம்.

"உடைஞ்ச சக்கரத்துல பெயிண்டை எடுத்துட்டாங்க. உள்பக்கம் பழைய வெல்டு இருக்கு."

ஒரு கதவு சாத்துகிற ஓசை. மெஷின் சத்தம் அறுந்தது.

"அப்பா பாத்தாரா?"

எந்த வெல்டு என்று கேட்பான் என்று நினைத்திருந்தாள். கேட்டிருக்கலாம்.

"இன்னும் இல்ல."

"காட்டாதே. நிஷா, சொல்றதைக் கேளு. போன வருஷம் ஃப்ரெண்ட்ஸோட கொல்லிமலை போனேன் இல்லையா? ஒரு கல்லுல ஏறி இறங்கித்து. சின்ன விரிசல்தான். ஸ்டெப்னியைக் கழட்டி மாட்டியிருந்தா முடிஞ்சுது. அப்பாவை உனக்குத் தெரியாதா? திருமண் போட்டதை இறக்கினேன்னு தெரிஞ்சா அந்த வண்டியையே தொட விட மாட்டார். நாமக்கல்ல ஒருத்தன் கியாரண்டியா ஒட்டித் தரேன்னான்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருப்பேன். அம்மாதான்..." நிறுத்திக்கொண்டான். "அம்மா இருக்கற நிலைமையில என்னத்தைச் சொல்றது?"

"அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த. என்னைப் பாத்து முதல்ல என்ன கேட்ட, ஞாபகம் இருக்கா? ‘என்ன பண்ணினே நிஷா?’ன்னு கேட்ட."



"நாளைக்கு வரேன்ல, நேர்ல பேசலாம். அதுக்குள்ள அதை எடைக்குப் போடச் சொல்லிடு. ப்ளீஸ்."

"வைக்கிறேன்" என்றாள்.

அவள் திரும்பி வந்தபோது சடகோபன் டப்பாவைக் கழுவி, கை துடைத்துக்கொண்டே உள்ளே வந்துகொண்டிருந்தார். சக்கரம் டிரம்மின் மேல் உள்பக்கம் மேலாகக் கிடந்தது. அவள் நினைத்திருந்தால் கவிழ்த்திருக்கலாம். கவிழ்க்கவில்லை. துணிச்சல் என்று வாசகர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். கை எழவில்லை, அவ்வளவுதான்.

"நம்பர் வந்துடுத்தா?"

"வந்துருச்சு சாமி" என்றார் சின்னையா.

சடகோபன் கண்ணாடியை மாற்றினார். நம்பரை ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் சொல்லிப் படித்தார். பொறுக்கிய சக்கரத்தின் நம்பரோடு ஒப்பிட்டார். "சரியா இருக்கு" என்றார்.

சொன்னவர் நிமிரவில்லை. கட்டை விரல் அந்தத் தடித்த கோட்டில் போய் நின்றது. முன்னும் பின்னுமாக ஒருமுறை நகர்ந்தது. பாய்லர் குழாய்களின் ஒட்டுகளில் வேலை நாளெல்லாம் நகர்ந்த விரல் அது. எது நல்ல ஒட்டு, எது விட்டுப்போகும் ஒட்டு என்று அதற்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பரக்கத் அலி தொண்டையைக் கனைத்தார். சடகோபன் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

எழுந்து வண்டியின் பின்பக்கம் போனார். ஸ்டெப்னிக்கு எதிரே நின்றார். கிரீஸ் படிந்த தரையில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கை கூப்பினார். உதடு அசைந்தது, என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

"இறக்கும்" என்றார்.

"சார்?"

"ஸ்டெப்னியை இறக்கும். முன்னாடி, இடது பக்கம் போடும். இப்ப பொறுக்கினோமே, அதுக்கு வெள்ளி அடிச்சுப் பின்னாடி மாட்டும்."

பரக்கத் அலி தயங்கினார். "அந்தத் திருமண்ணு சார்... சுரண்டிட்டு, எல்லாத்துக்கும் ஒரே கலரா..."

"சுரண்ட வேண்டாம். அப்படியே உருளட்டும்."

சின்னையா ஸ்பானரை வைத்து அழுத்தினார். மாட்டிய நாளிலிருந்து யாரும் தொடாத நட்டுகள். துருப்பிடித்து இறுகி, கிறீச்சிட்டுக்கொண்டுதான் விட்டன. சக்கரம் தரையைத் தொட்டபோது சடகோபன் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த உடைஞ்சதைச் சாக்குல சுத்தி ஆட்டோவுல வையும். ஆத்துக்கு வரணும்."

ஆட்டோவில் இருவருக்கும் நடுவே காலடியில் சாக்கு மூட்டை கிடந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் நிஷாவின் கணுக்காலில் இடித்தது. பாலம் வந்தபோது சடகோபன் கேட்டார்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல நீ என்ன சொன்னே?"

"ஸ்டியரிங் தானா இழுத்துச்சுன்னு சொன்னேன் மாமா."

"ம்."

காவிரி முடிந்தது. திருவானைக்கா கோபுரம் வந்தது.

"அன்னிக்கே போய் அந்தச் சக்கரத்தைப் பாத்திருக்கணும். பாக்கறதுதானே என் உத்தியோகமே." கொஞ்ச தூரம் போனபிறகு கேட்டார்: "யார் ஒட்டினான்னு உனக்குத் தெரியுமோ?"

நிஷா சாக்கைப் பார்த்தாள். "நாளைக்கு அவர் வர்றாருங்க மாமா" என்றாள்.

சடகோபன் தலையை மட்டும் ஆட்டினார். ஸ்டெப்னி அங்கேயேதானே தொங்கிற்று என்று அவர் தனக்குள் சொன்னதுபோல இருந்தது. ஆட்டோ சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மூட்டையைச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கால் கழுவினார். பெருமாள் அலமாரியைத் திறந்து வண்டிச் சாவியை எடுத்தார். வாசல் ஆணியில் பழைய இடத்திலேயே மாட்டினார். "தலை வலிக்கறது, சித்த படுத்துக்கறேன்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நிஷா அடுக்களையில் காபி கலந்தாள். மாமியாருக்கு ஒன்று, தனக்கு ஒன்று. வாக்கரின் ரப்பர் கால்கள் தரையில் தேயும் ஓசை பின்னால் வந்து நின்றது.

"சக்கரமெல்லாம் ஆச்சா?"

"ஆச்சுங்க அத்தை. வெள்ளிக் கலர்."

கோமளவல்லி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தாள். செருப்பு ஸ்டாண்டின் பக்கத்தில் வட்டமாகப் புடைத்துக்கொண்டிருந்த சாக்கைப் பார்த்தாள். சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். வாக்கரை ஒரு அடி முன்னால் வைத்து, நிஷாவின் காதருகே வந்தாள். குரல் உள்ளேயே இருந்தது.

"ஏண்டி... உள்பக்கத்தை அவர் பாத்துட்டாரோ?"

சாக்கில் என்ன இருக்கிறது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. உள்பக்கத்தில் நம்பரைத் தவிர வேறொன்று இருப்பதைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதே கேள்வியை மத்தியானம் ஓசூரிலிருந்து கேட்ட குரல் நிஷாவின் காதில் இன்னும் இருந்தது. அம்மாதான் என்று ஆரம்பித்துவிட்டு அவன் விழுங்கியதும் இருந்தது.

அவள் திரும்பி, இடுப்பொடிந்து வாக்கரில் தொங்கிக்கொண்டிருந்தவளின் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த டம்ளர் சுட்டது. நன்றாகவே சுட்டது. எத்தனையோ மாதத்துக்கப்புறம் ஏதோ ஒன்று அவளைச் சுட்டது. கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்குத் தெரியுமா அத்தை?" என்றாள்.